‘காசு காணும்’ எண்டு நான் சொன்ன வீடு

அத்திவாரக் கல்லு வைக்கிற இடத்துக்கு மட்டும் போகாதேங்கோ, பிள்ளையள். கூப்பிடுவினம். பிளான் கீறின ஆள் இல்லாமல் என்னெண்டு கல்லு வைக்கிறது எண்டு வீட்டு வாசலிலை வந்து நிப்பினம். காய்ச்சல் எண்டு சொல்லுங்கோ, செத்தவீட்டுத் துடக்கு எண்டு சொல்லுங்கோ, என்னத்தையாவது சொல்லிப்போட்டு வீட்டிலை கிடவுங்கோ. வேலை தொடங்கின பிறகு நூறு தரம் போய்ப் பாருங்கோ. கல்லு வைக்கிற அண்டைக்கு மட்டும் வேண்டாம்.

சிரிக்கிறியள். சிரியுங்கோ. புதுசா வேலைக்கு வந்திருக்கிற உங்களுக்கு ரெண்டு நல்ல கதை சொல்லச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டவை. முப்பத்தொரு வருசம் கட்டட வேலை மேற்பார்வை செய்தவன், பொழுதுபட்டால் ஊர்ச்சனத்துக்கு வீட்டுப் பிளான் கீறி, எவ்வளவு முடியும் எண்டு எஸ்ரிமேற் எழுதிக் குடுத்தவன், இவனிட்டை ஒரு சாக்கு நிறையக் கதை இருக்கும் எண்டு நினைச்சிருக்கினம். இருக்குத்தான். ஆனால் பஸ்ஸுக்குள்ளை இருந்து யோசிச்சுக்கொண்டு வந்தன். என்னைப் போட்டு அரிக்கிறது ஒரே ஒரு கதை. அதைச் சொல்லுறன். கேட்டுப்போட்டு என்னை என்ன நினைச்சாலும் சரி.

முதலிலை எனக்குத் தொழில் பழக்கின பெரியவரைப் பற்றிச் சொல்லவேணும். பேர் வேண்டாம், ஆள் செத்துக் கனகாலம். கணக்கிலை விண்ணன். ஒரு வீட்டைச் சுத்தி ஒருக்கா நடந்தாரெண்டால் எத்தினை பை சீமெந்து போனது எண்டு சொல்லிப்போடுவார். அவர் எனக்கு முதல் கிழமையே சொன்ன புத்தி இதுதான்: "வீடு கட்ட வாற சனத்துக்கு முழுத் தொகையைச் சொல்லாதை. பயந்து நிண்டிடுங்கள். கொஞ்சம் குறைச்சுச் சொல்லு. தொடங்கினால் எப்பிடியும் முடிச்சுப்போடுங்கள்."

அது பலிக்கவும் செய்தது. குருநகரிலை ஒரு கடற்றொழில் குடும்பத்துக்கு நான் எழுதின கணக்கு பாதிச் சுவரோடை முறிஞ்சுபோச்சு. பாத்தால், பிரான்சிலை இருந்த மச்சான்காரன் காசு அனுப்பினான், கூரை ஏறிச்சுது, சேர்ச்சிலை இருந்து சுவாமியார் வந்து மந்திரிச்சார், எனக்குக் கேக்கும் வைனும் தந்தினம். அதோடை நான் பெரியவரின்ரை சொல்லைத் தேவாரமா எடுத்திட்டன். அந்த வீட்டைக் கட்டி முடிச்சது மச்சான்காரன்ரை காசு, என்ரை எஸ்ரிமேற் இல்லை எண்டு விளங்க எனக்கு இருபது வருசத்துக்கு மேலை பிடிச்சுது. எங்கடை ஊரிலை குறைஞ்சு போற கணக்கையெல்லாம் வெளிநாடு நிரப்பிப்போடும். வெளிநாட்டிலை ஒருத்தரும் இல்லாத ஆளுக்கு ஆர் நிரப்புறது?

தவராசாவுக்கு அப்பிடிக் காசு அனுப்ப ஒருத்தரும் இல்லை. சண்டிலிப்பாயிலை தோட்டம் செய்த மனுசன். நான் பென்சன் எடுக்க ஒரு வருசம் இருக்கேக்கை என்னட்டை வந்தவர். பெண்சாதி சறோ. ஒரே பெட்டை, அப்ப பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவள். சறோவின்ரை ஒண்டுவிட்ட தமக்கை கனடாவிலை. அவவின்ரை வீட்டைக் கூட்டித் துடைச்சு, விளக்கு வைச்சுக்கொண்டு பன்ரண்டு வருசம் இருந்தவை. இஞ்சை பாதி வீடுகளிலை அப்பிடித்தானே சனம் இருக்கு. திடீரெண்டு ஒருநாள் போன் வந்ததாம், வீட்டை வித்திட்டம், ஆவணிக்கு முதல் வீட்டை விட்டு எழும்பவேணும் எண்டு. தமக்கையாம் தமக்கை, கண்டறியாத தமக்கை! ஒரு சொல்லு முன்கூட்டிச் சொல்லேல்லை.

சறோவுக்குச் சீதனமா வந்த ரெண்டு பரப்பு வளவு வெறுங்காணியாக் கிடந்தது. சேத்து வைச்ச காசு, நகைகள், ஒரு வங்கிக் கடன், எல்லாத்தையும் வழிச்சுத் துடைச்சால் இருபத்தஞ்சு லட்சம். இதைவிட நாலு பரப்புத் தோட்டம், நல்ல கிணறோடை. வெங்காயம், மிளகாய், ஒரு போகம் புகையிலை. மூண்டு பேரின்ரை சோறும் அந்தத் தோட்டத்துக்குள்ளைதான்.

தவராசா என்னட்டைக் கேட்டது ஒண்டே ஒண்டு.

"ஐயா, வீடு சின்னன் எண்டாலும் பரவாயில்லை. தோட்டத்தைத் தொடாமல் முடிக்கவேணும். தோட்டம் போனால் பேந்து வீட்டுக்குள்ளை இருந்து சுவரையோ தின்னுறது?"

"முடிக்கலாம்," எண்டன். "ஆனால் நான் கீறினதுக்கு மேலை ஒரு அடி கூட்டக்கூடாது. சொல்லிப்போட்டன்."

"கூட்டமாட்டன் ஐயா."

அந்தமுறை நான் பெரியவரின்ரை வேலையைச் செய்யேல்லை, சத்தியமாச் சொல்லுறன். மனுசன்ரை கையைப் பாத்தன். புகையிலைக் கயர் ஏறிக் கறுத்துப்போன கை. உந்தக் கைக்குப் பொய் எழுதக்கூடாது எண்டு நினைச்சன். ரெண்டு அறை, வாற ஆக்கள் இருக்க முன்னுக்கு ஒரு கோல், குசினி, கக்கூசு. ஏழுநூறு சதுர அடி. விறாந்தை இல்லை. ஆணி, கொளுக்கி எல்லாம் எண்ணி எழுதி, கைமிச்சமா ஒரு லட்சமும் ஒதுக்கி, இருபத்தஞ்சுக்குள்ளை அடக்கிக் குடுத்தன். என்ரை வாழ்நாளிலை நான் எழுதின கணக்குகளுக்குள்ளை அதுதான் திறம்.

தை மாசம் கல்லு வைக்க நாள் பாத்தினம். காலமை எட்டுமணி கழிய ஒரு சின்ன நேரம். நான் போய்ச் சைக்கிளை வேலியோடை சாத்திப்போட்டுத் திரும்பிப் பாத்தன். சுவர் வாற இடங்களுக்கு நிலத்திலை முளை அடிச்சுக் கட்டியிருந்த கயிறு என்ரை பிளான் இல்லை.

உங்களுக்கும் அந்தக் கண் வரும். கயிறைப் பாத்த உடனை வீடு மனசுக்குள்ளை எழும்பும். எழும்பினது பெரிய வீடு. மேசன் என்ரை முகத்தைப் பாக்காமல் சும்மா கிடந்த மண்ணைக் கிளறிக்கொண்டு நிண்டான். கிட்டப் போனன்.

"என்னடாப்பா உது?"

"நான் என்ன செய்ய ஐயா? நேற்றுப் பின்னேரம் சறோ அக்காவின்ரை மாமன்காரன் சாத்திரியாரைக் கூட்டிக்கொண்டு வந்திட்டார். மனையடி சாத்திரத்திலை பன்ரண்டடி அறை கூடாதாம்."

"அப்ப பத்துக்கு இறக்கியிருக்கலாமே?"

"கல்லு வைக்க முதலே வீட்டைக் குறைக்கக்கூடாதாம். கூட்டத்தான் வேணுமாம்."

"கூட்டுறதெண்டால் பதின்மூண்டாக்கிவிடுறதுதானே, நாசமறுவான்!"

"பதின்மூண்டு அதைவிடக் கூடாதாம் ஐயா. பதினாலும் கூடாதாம், பதினஞ்சும் கூடாதாம். பதினாறுதான் திறமாம்."

கோல் பன்ரண்டிலை இருந்து பதினாறு. பெரிய அறை பன்ரண்டிலை இருந்து பதினாறு. அகலம் கூடினதாலை முன்னுக்கு ஒரு விறாந்தை. ஈசான மூலை சும்மா கிடக்கக்கூடாதெண்டு ஒரு சாமியறை. நான் நிண்ட நிலையிலை மனசுக்குள்ளை கூட்டினன். முப்பத்துநாலு லட்சத்துக்கு ஒரு சதம் குறையாது. அந்த ஒம்பது லட்சம் எங்கை இருந்து வரும்? அந்த மனுசன்ரை தோட்டத்திலை இருந்துதான் வரவேணும்.

மேசனை விட்டுப்போட்டுத் தவராசாவைத் தேடினன். அவர் புது வேட்டியோடை ஐயருக்குப் பக்கத்திலை நிக்கிறார். சனம் இருபது முப்பது பேர். சறோ பால் செம்போடை வந்தா. தாலிக்கொடியும் அடைவுக்குப் போய், கழுத்திலை மஞ்சள் கயிறு மட்டும். ஆனால் அந்தப் பிள்ளையின்ரை முகத்திலை இருந்த சந்தோசம் இருக்கே, இப்பவும் எனக்குக் கண்ணுக்கு முன்னாலை நிக்குது. பன்ரண்டு வருசம் இன்னொருத்தியின்ரை வீட்டு முத்தத்தைக் கூட்டினவ. ஐயர், "நேரம் போகுது, கெதியா வாங்கோ," எண்டு சத்தம் போடுறார். அப்பதான் சறோ என்னைக் கண்டிட்டா.

"ஐயா வந்திட்டார்! ஐயா, சாத்திரியார் கொஞ்சம் கூட்டிப்போட்டார், கோவிக்காதேங்கோ. எங்கடை காசு காணும்தானே, போதும்தானே?"

எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்திச்சினம். தவராசாவும் பாத்தார்.

பிள்ளையள், நாங்கள் ஆர்? வெளிக்கிடேக்கை "போறன்" எண்டு சொல்லாத சனம், "போட்டு வாறன்" எண்டுதான் சொல்லுவம். அரிசி முடிஞ்சால் முடிஞ்சுது எண்டு சொல்லாமல் நிறைஞ்சுபோச்சு எண்டு சொல்லுற சனம். அப்பிடியான சனத்துக்கு நடுவிலை, நிறைகுடத்துக்கு முன்னாலை, பால் செம்போடை நிக்கிற ஒரு சுமங்கலியைப் பாத்து "காணாது" எண்டு என்னெண்டு சொல்லுறது? அந்தச் சொல்லு வாயிலை வந்தால் ஐயர் காதைப் பொத்துவார். மாமன்காரன் என்னை அடிக்க வருவான். அந்த நேரம் தவறினால் அடுத்த நல்ல நாள் எப்ப வருமோ, ஆவணிக்குள்ளை எழும்பவும் வேணும். இவ்வளவும் ஒரு மூச்சுக்குள்ளை ஓடிச்சுது. பெரியவரின்ரை குரலும் கேட்டுது, தொடங்கினால் முடிச்சுப்போடுங்கள் எண்டு.

"காணும், காணும். வையுங்கோ," எண்டன்.

கல்லு வைச்சாச்சு. பால் தெளிச்சாச்சு. எனக்கு வெத்திலைத் தட்டிலை வாழைப்பழமும் சர்க்கரைப் பொங்கலும் தந்தினம். நான் திண்டன்.

அடுத்த நாள் போய்ச் சொல்லுவம் எண்டுதான் நினைச்சன். போனன். தவராசா முழங்கால் மட்டும் அத்திவாரக் கிடங்குக்குள்ளை நிண்டு, மேசனோடை சேந்து மண் அள்ளி எறிஞ்சுகொண்டு சிரிக்கிறார். கூலி மிச்சம் ஐயா எண்டார். சொல்லேல்லை. ரெண்டு நாளாலை திரும்பப் போனன். லொறியிலை வந்த கருங்கல்லு பறிச்சுக் கிடக்குது. சரி, கல்லு அடுக்க முதல் சொல்லுவம். அதுக்கும் முதல் கல்லு அடுக்கிப்போட்டினம். அந்த முதல் கிழமைக்குள்ளை ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் போனது ரெண்டு கிடங்கு வெட்டின கூலி மட்டும்தான். விறாந்தையை வெட்டி, சாமியறையை வெட்டி, பதினாறைப் பத்தாக்கி, தோட்டத்தைக் காப்பாத்தியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் சொல்லுறது கஸ்டமாகிக்கொண்டு போச்சு. ஏனெண்டால் இப்ப சொன்னால் அண்டைக்கு ஏன் சொல்லேல்லை எண்டு கேப்பினம்தானே. கோதாரி விழுந்த மானம்!

உங்களுக்கு நான் புத்தி சொல்லுறதெண்டால் இதுதான். கயிறு பிழையெண்டால் அந்த இடத்திலை, அந்த நேரத்திலை, அவ்வளவு சனத்துக்கு முன்னாலையும் "நிப்பாட்டுங்கோ" எண்டு சொல்லுங்கோ. நல்ல நேரம் போனால் போகட்டும், பஞ்சாங்கத்திலை இன்னொண்டு இருக்கும். உங்களை மூதேவி எண்டு ஏசுவினம், அதையும் வாங்கிக்கொள்ளுங்கோ. அப்பிடிச் சொல்ல ஏலுமெண்டால் கல்லு வைக்கிற இடத்துக்குப் போங்கோ. ஆனால் நாளைக்கு நீங்களும் சர்க்கரைப் பொங்கல் திண்டுபோட்டுத்தான் வருவியள். எனக்கு உங்களிலை நம்பிக்கை இல்லை. என்னிலையும் இல்லை.

பங்குனி பிறக்க முதல் விலை ஏறத் தொடங்கிச்சுது. அந்த வருசம் உங்களுக்கும் தெரியும்தானே, டொலர் ஏறின வருசம். பெற்றோலுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. மூண்டு பை சீமெந்து வாங்கின காசுக்கு ஒரு பை. கம்பியை விலை கேக்கவே பயம். தவராசாவின்ரை வீடு யன்னலுக்கு மேலை வந்து நிண்டிட்டுது. வழிநெடுக அப்பிடி நிண்ட வீடுகள். ஆரைக் கேட்டாலும் விலைவாசி, விலைவாசி எண்டுதான் கதை.

வெக்கத்தை விட்டுச் சொல்லுறன், அப்ப எனக்கு மனசுக்குள்ளை ஒரு ஆறுதல் வந்தது. அப்பாடா, இனி ஒருத்தரும் என்னைக் கேக்கமாட்டினம் எண்டு. நாடே தலைகீழாக் கிடக்கேக்கை என்ரை ஒம்பது லட்சத்தை ஆர் தேடப்போகினம்? சனம் பட்டினி கிடக்குது, நான் என்ரை பிழை மூடுப்பட்டுப் போச்செண்டு சந்தோசப்பட்டவன். நான் கீறின மாதிரிக் கட்டியிருந்தால் விலை ஏற முதல் சுவர் முடிஞ்சு கூரைச் சாமானும் வாங்கி வைச்சிருக்கலாம். அதை நான் பிறகு இருந்து கணக்குப் பாத்தனான். ஒருக்கா இல்லை, பத்துத் தரம் பாத்தனான்.

ஆனி மாசம் தவராசா வந்தார். மெலிஞ்சு போயிருந்தார். கதிரையிலை இருக்கேல்லை.

"ஐயா, ஆவணிக்குள்ளை எழும்பவேணும். கூரையும் கதவும் போட்டால் காணும், பூச்சு வேண்டாம். எவ்வளவு முடியும்? குறைக்காமல் சொல்லுங்கோ."

அண்டைக்கு நான் குறைக்காமல் எழுதினன். மனுசன் கடுதாசித் துண்டை வாங்கிப் பாத்தார்.

"தோட்டத்தைக் குடுத்தால் சரியா வரும்," எண்டார்.

"தவராசா, அவசரப்படாதையும். வாடகைக்கு ஒரு அறை எடுத்து இரும். வீடு அப்பிடியே நிக்கட்டும்."

"விக்காமல் விட்டால் வங்கிக்கு என்ன கட்டுறது ஐயா? வாடகைக்கு என்ன கட்டுறது? உரமும் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை, இந்தப் போகம் தோட்டமும் ஒண்டும் தரேல்லை. கூரையாவது இருக்கட்டும்."

தோட்டத்தை அறுதியா வித்து எழுதிக் குடுத்தார். வெளிநாட்டிலை இருக்கிற ஆரோ ஒருத்தன் வாங்கினான். வாங்கி, சுத்திவர மதில் கட்டி, பெரிய கேற் போட்டுப் பூட்டிவிட்டான். இண்டைக்கும் அதுக்குள்ளை ஒரு பயிர் இல்லை, புல்லு ஆளுயரத்துக்கு நிக்குது. கூலிக்கு எண்டாலும் தன்ரை மண்ணிலை கொத்தலாம் எண்டு நினைச்ச மனுசனுக்கு அதுவும் கிடைக்கேல்லை. கூரை போட்டு முடிஞ்சு குடிபூரலுக்கு எனக்குச் சொல்லியனுப்பினவை. நான் போகேல்லை.

போன வருசம்தான் மனசு கேளாமல் போனன். வாசலிலை நிண்டு "தவராசா" எண்டு கூப்பிட்டன். கதவைத் திறந்தது சறம் கட்டின ஒரு இளம் பெடியன். வங்கியிலை வேலையாம், வெளி மாவட்டம். "வீட்டுக்காரர் பின்னுக்கு இருக்கினம் அங்கிள்," எண்டான்.

எனக்கு உடனை விளங்கேல்லை. சுத்திக்கொண்டு பின்னாலை போனன். பின் சுவரோடை தகரத்தாலை சாய்ப்பு மாதிரி ஒரு பத்தி இறக்கியிருந்தினம். அதுக்குள்ளை ஒரு கட்டில், ஒரு அடுப்பு, பெட்டையின்ரை உடுப்புத் தொங்கிற கொடி. தோட்டம் இல்லாமல் வங்கிக் காசு கட்ட வழியில்லை. அதாலை வீட்டை வாடகைக்கு விட்டிட்டினம். பதினாறடிக் கோலுக்குள்ளை அந்தப் பெடியன் மோட்டச்சைக்கிளை விட்டு வைச்சிருக்கிறான். பெட்டை பள்ளிக்கூடத்துக் கடைசிச் சோதினை எடுக்கேல்லை. இஞ்சை எங்கடை திருநெல்வேலியிலை ஒரு புடவைக்கடையிலை நிக்கிறாளாம்.

சறோ என்னைக் கண்டு ஓடிவந்து, இருந்த ஒரே கதிரையைத் துடைச்சுப் போட்டா. தேத்தண்ணி வைச்சுத் தந்தா. சீனி இல்லை, பனங்கட்டியோடை குடியுங்கோ ஐயா எண்டா. பிறகு விலைவாசியை ஏசத் தொடங்கினா. சீமெந்துக்காரனை ஏசினா, கம்பிக்காரனை ஏசினா, நாட்டை ஆண்டவையை எல்லாம் மண் அள்ளித் திட்டினா. திட்டி முடிச்சுப்போட்டு என்னைப் பாத்தா.

"விலை மட்டும் ஏறாட்டி நாங்கள் முடிச்சிருப்பம், என்ன ஐயா? நீங்கள் அண்டைக்குக் காணும் எண்டு சொன்னனீங்கள்தானே."

இப்ப நல்ல காரியம் ஒண்டும் நடக்கேல்லை. ஐயர் இல்லை, நிறைகுடம் இல்லை. சனம் இல்லை. உண்மையைச் சொல்ல இதைவிட ஒரு இடம் எனக்குக் கிடைக்காது. சொல்லத்தான் வாயைத் திறந்தன்.

"ஓம் தங்கச்சி, முடிச்சிருப்பியள்," எண்டன்.

அவவுக்கு முகம் தெளிஞ்சுது. "நான் இவருக்கு நெடுகச் சொல்லுறனான்," எண்டா.

நான் எழும்ப, கட்டிலிலை இருந்த தவராசாவும் எழும்பிப் படலை மட்டும் கூட வந்தார். நான் சைக்கிளிலை கையை வைச்சுக்கொண்டு நிண்டன்.

"தவராசா, ஒண்டு சொல்லவேணும். அண்டைக்குக் கல்லு வைக்கேக்கை..."

"தெரியும் ஐயா," எண்டார். "நான் அப்ப உங்கடை முகத்தைப் பாத்தனான்."

"தெரிஞ்சால் ஏன் கேக்கேல்லை நீர்?"

"நல்ல காரியத்திலை எப்பிடி ஐயா கேக்கிறது? அவளும் அவ்வளவு சந்தோசமா நிண்டாள்." பத்திப் பக்கம் ஒருக்காத் திரும்பிப் பாத்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அவளிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ. விலைவாசியை ஏசிக்கொண்டு கிடக்கட்டும். உங்களை ஏசத் தொடங்கினாளெண்டால், பேந்து என்னையும் ஏசவேண்டி வரும். பகல் முழுக்க இந்தப் பத்திக்குள்ளை நாங்கள் ரெண்டு பேரும்தானே இருக்கிறம்."